தவறான விடைகளில்தான் வினாவின் உயிர் இருக்கிறது

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடப்பகுதியை சாட்ஜிபிடியில் ஒட்டி, "20 கொள்குறி வினாக்கள் தயாரித்துக் கொடு" என்று கேட்கிறேன். ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. மாணவர்களும் 18, 19 என்று வாங்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

பதில்: பிசகு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வினாக்களின் கீழே வரும் தவறான விடைத் தெரிவுகளில். இன்னொன்று, தேர்வை வைக்கும் நாளில்.

உங்களுக்கு வரும் வினாக்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்: "ஒளிச்சேர்க்கையின்போது வெளியாகும் வாயு எது? அ) ஆக்சிஜன் ஆ) ஹீலியம் இ) மீத்தேன் ஈ) குளோரின்". பாடத்தைத் திறந்தே பார்க்காத பிள்ளையும் மற்ற மூன்றையும் கழித்துவிட்டு சரியான விடைக்கு வந்துவிடும். அதே கருத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் ஆக்சிஜன் எதிலிருந்து பிரிந்து வருகிறது? அ) கார்பன் டை ஆக்சைடு ஆ) நீர் இ) குளுக்கோஸ்". "கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது, ஆக்சிஜன் வெளியே வருகிறது" என்று மனப்பாடம் செய்தவர் 'அ'வைத் தொடுவார். விளைபொருளையும் மூலப்பொருளையும் குழப்பிக்கொள்பவர் 'இ'க்குப் போவார். விடை நீர். அறிவியலாளர்கள் சிலரே ஒரு காலத்தில் 'அ' என்று எண்ணியிருந்தார்கள். ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை (சற்றே கனமான ஆக்சிஜன் வகையை) கொண்டு 1941இல் ரூபெனும் கேமனும் செய்த சோதனைதான் நீர் என்பதற்கு வலுவான சான்று தந்தது. இப்படி உண்மையிலேயே ஒருவர் நம்பக்கூடிய பிழைதான் தவறான தெரிவாக இருக்க வேண்டும். எந்த மாணவர் எதைத் தொட்டார் என்று பார்த்தாலே, எங்கே புரியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏஐக்கு உங்கள் மாணவர்களைத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனவே எடுத்த எடுப்பில் வினா கேட்காதீர்கள்.

முதலில் ஒன்றிரண்டு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். முழுப் பாடத்தையும் கொட்டினால் மேலோட்டமான வரையறை வினாக்களே அதிகம் வரும். "இந்தப் பகுதியில் மாணவர் புரிந்துகொள்ள வேண்டிய 6 கருத்துகளைப் பட்டியலிடு. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரியை மாற்றாமல் எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். வேண்டாததை அடித்துவிடுங்கள். ஆதார வரி உண்மையில் உங்கள் பாடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இல்லாத வரியை இருப்பதுபோல் காட்டும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு.

அடுத்தது, என் கணிப்பில், எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை. போன தேர்வின் விடைத்தாள்களைப் புரட்டி, மாணவர்கள் எழுதிய தவறுகளில் 10 அல்லது 15ஐ அவர்கள் எழுதிய சொற்களிலேயே தட்டச்சு செய்து கொடுங்கள். பெயர், பதிவெண் எதுவும் வேண்டாம். "இந்தத் தவறுகளுக்குப் பின்னால் என்ன தவறான புரிதல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்" என்று கேளுங்கள். பொருந்தாத விளக்கத்தை நீக்குங்கள்.

இதன் பிறகுதான் வினா. கட்டளை ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: "மேற்கண்ட ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வினா எழுது. தெரிவுகள் 3. தவறான தெரிவு ஒவ்வொன்றும் மேலே உள்ள ஒரு தவறான புரிதலிலிருந்து வர வேண்டும். எது என்று அடைப்புக்குறிக்குள் குறி. மூன்று தெரிவுகளும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கட்டும். 'மேற்கண்ட அனைத்தும்', 'எதுவுமில்லை' வேண்டாம். ஒவ்வொரு தெரிவுக்கும் அது ஏன் சரி அல்லது ஏன் தவறு என்று 2 வரி விளக்கம் கொடு." மூன்று தெரிவு போதுமா என்ற சந்தேகம் வரும். 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ரோட்ரிகஸ் 2005இல் சொன்னதும் அதுதான்: பெரும்பாலான வினாக்களுக்கு மூன்றே போதும். நான்காவது தெரிவு பொதுவாக இடத்தை நிரப்பத்தான் உதவுகிறது.

வந்ததை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். விடைக்குறிப்பை நீக்கிவிட்டு, வினாக்களை மட்டும் புதிய உரையாடலில் ஒட்டி, "விடையும் காரணமும் சொல்" என்று கேளுங்கள். இரண்டு விடையும் மோதினால், ஒன்று குறிப்பு தவறு, அல்லது வினாவில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒத்துப்போனால் சரிதான் என்று விட்டுவிடவும் முடியாது. ஒரே பிழையை இரண்டு தடவையும் செய்யக்கூடும். ஆதார வரியோடு ஒப்பிடும் வேலை உங்களுடையதே. கணக்கு வினா என்றால் தாளில் போட்டுப் பாருங்கள். ஏஐ சரியான தெரிவுக்கு மட்டும் "பொதுவாக", "சில சூழல்களில்" என்று வால் ஒட்டி நீளமாக்கிவிடும். படிக்காமலே நீளத்தை வைத்து ஊகிக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. சரியான விடைகள் ஒரே எழுத்தில் குவிவதும் வழக்கம். கூகுள் படிவத்தில் தெரிவுகளின் வரிசையைக் கலைக்கும் வசதியைப் போட்டுவிட்டால் அது தீரும்.

தமிழில் கேட்கும்போது கூடுதலாக இரண்டு சிக்கல் வரும். கலைச்சொல் மாறிவிடும்: ஒரு வினாவில் ஒளிச்சேர்க்கை, அடுத்ததில் ஒளித்தொகுப்பு, ஒன்றில் சவ்வூடு பரவல், மற்றொன்றில் பிரசாரணம். எல்லாமே தமிழில் வழங்கும் சொற்கள்தாம், ஆனால் மாணவர் ஒன்றைத்தான் படித்திருப்பார். உங்கள் பாடநூலில் உள்ள 15 சொற்களைக் கொடுத்து "இவற்றையே பயன்படுத்து" என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இலக்கணமே விடையைக் காட்டிக்கொடுப்பது. "ஒளி ஆற்றலை ஈர்ப்பவை எவை? அ) உட்கரு ஆ) பசுங்கணிகங்கள் இ) செல்சுவர்" என்ற வினாவில் பன்மையில் இருப்பது ஒன்றே ஒன்று. அறிவியலே தேவையில்லை.

இனி மறதிக்கு வருவோம். பாடம் முடிந்த கையோடு வைக்கும் தேர்வு, காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைத்தான் அளக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை ஒருமுறை படித்தபின் ஒரு பிரிவினர் மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மீண்டும் படித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதத்தை. சிரமப்பட்டு மனதிலிருந்து எடுக்கும்போதுதான் பாடம் பதிகிறது.

ஆகவே ஒரே நாளில் 20 வினா வேண்டாம். மறுநாள் 6, நான்கு நாள் கழித்து 6, இரண்டு வாரம் கழித்து 6 என்று பிரியுங்கள். ஒவ்வொரு ஆறிலும் மூன்று இந்தப் பாடம், இரண்டு போன வாரத்துப் பாடம், ஒன்று போன மாதத்தினுடையது. கருத்து ஒன்றாகவும் சூழல் வேறாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று மாறுபட்ட வடிவங்களை ஏஐயிடம் முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆறில் ஒன்றாவது தெரிவே இல்லாத ஒரு வரி விடையாக இருக்கட்டும். அதைத் திருத்த ஏஐ உதவியைக் கேட்டால், விடையில் இருந்தே தீர வேண்டிய இரண்டு குறிப்புகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

தேர்வு முடிந்தவுடன் அந்த 2 வரி விளக்கங்களை மாணவர்கள் படிக்கட்டும். இதை விட்டுவிட்டால், தொட்ட தவறான விடையே சிலர் மனதில் தங்கிவிடும்.

கடைசியாக எண்ணிக்கை. 40 பேரில் 38 பேர் சரியாகச் செய்த வினா உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஒருவரும் தொடாத தெரிவை மாற்றுங்கள். மதிப்பெண்ணில் முதல் பத்துப் பேர் தவறவிட்டு, கடைசிப் பத்துப் பேர் சரியாகச் செய்திருந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகியுங்கள், பிறகு வினாவின் சொற்களை. ஒரு வரி விடைகளில் புதிதாக வந்த தவறுகளை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அடுத்த முறை ஏஐயிடம் வினா கேட்கும்போது, பாடப்பகுதிக்கு முன்னதாக அந்தக் கோப்பை ஒட்டுங்கள்.