வான்கூவர்-பாயிண்ட் கிரே: முதல்வரையே தோற்கடித்த தொகுதி

ஆளும் கட்சி வெல்ல, முதல்வர் மட்டும் சொந்தத் தொகுதியில் தோற்பது எப்படி என்ற கேள்விக்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள வான்கூவர்-பாயிண்ட் கிரே தொகுதியின் வரலாறே தக்க சான்று.

1933 தேர்தலில் உருவான இத்தொகுதி, 1991இல்தான் ஓர் உறுப்பினர் தொகுதியானது. அதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்டோரை அனுப்பியது. பின்னாளில் கனடாவின் முதல் பெண் பிரதமரான கிம் கேம்பல், 1986இல் இங்கிருந்தே மாகாணச் சட்டமன்றம் சென்றார்.

1996 முதல் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்து, 2001இல் முதல்வரான கார்டன் கேம்பல் விலகியதும், அவருக்குப் பின் முதல்வரான கிறிஸ்டி கிளார்க் 2011 மே இடைத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் டேவிட் ஈபியைச் சொற்ப வாக்குகளில் வென்றார். அந்தச் சிறு வித்தியாசத்தை அப்போதே எச்சரிக்கையாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் 2013 மே 14 பொதுத்தேர்தலில், அவரது லிபரல் கட்சி 85 இடங்களில் 49ஐக் கைப்பற்றிய அதே இரவில், இங்கே ஈபியிடம் அவர் தோற்றார்.

வாக்காளர் தேர்ந்தெடுப்பது தொகுதி உறுப்பினரை மட்டுமே; முதல்வராவது பேரவைப் பெரும்பான்மையைப் பொறுத்தது. ஆகவே கிளார்க் பதவியில் நீடித்தார்; சக உறுப்பினர் ஒருவர் விட்டுக்கொடுத்த வெஸ்ட்சைடு-கெலோனாவில் ஜூலையில் போட்டியிட்டு வென்று அவைக்குத் திரும்பினார். ஈபியோ பாயிண்ட் கிரேயைத் தக்கவைத்து, 2022 நவம்பரில் முதல்வரானார்.