சின்ன பொம்மைக்கு பெயின்ட் அடித்தால் மூக்கு, கண் எல்லாம் மூடிப்போகிறதே, பெயின்டை ‘தின்’ பண்ணு என்கிறார்களே, அது என்ன?

அக்ரிலிக் பெயின்டில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இளக்குவதுதான் தின் பண்ணுவது. மேசை விளையாட்டுகளில் வைக்கும் மினியேச்சர் பொம்மைகள் பெரும்பாலும் 28 முதல் 32 மி.மீ. உயரம்தான், அதில் உதடு, துணி மடிப்பெல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பள்ளம். டப்பாவிலிருந்து அப்படியே கெட்டியாக எடுத்துப் பூசினால் அந்தப் பள்ளம் நிரம்பி முகம் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பாருங்கள், முதல் பூச்சில் பழைய சுவர் தெரியும், காய்ந்தபின் அடுத்தது அடித்தால்தான் வெளுக்கும். இங்கேயும் அதே கதை. இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, நடுவே காயவிட வேண்டும். ரொம்பத் தண்ணியாக்கினால் பள்ளத்தில் தேங்கித் திட்டுத்திட்டாக நிற்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஏப்ரல் வெயிலில் இன்னொரு தொல்லை, ஃபேன் வேறு ஓடினால் தட்டில் எடுத்த பெயின்ட் பிரஷ் தொடுவதற்குள் தோல் கட்டிவிடும். மூடி உள்ள டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்டை வைத்தால் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும். கடையில் விற்கும் ‘வெட் பேலட்’டும் இதேதான், காசு மிச்சம்.

அப்புறம், கண் வரைய மூன்று சைபர் (000 என்று போட்டிருக்கும் மிகப் பொடி) பிரஷ் வேண்டும் என்பது தப்பு, அதில் பெயின்ட் நிற்காமல் நுனியிலேயே காய்ந்துவிடும், கூர்மையான நுனி உள்ள 1-ஆம் நம்பர் போதும்.