ராப்தான் என் வழி என்கிறான் மகன், என்ன செய்வது?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் பையன், படிப்பை விட்டுவிட்டு ராப் பாடப் போகிறேன், இசையும் நானே போட்டுக்கொள்வேன் என்கிறான். அப்பாவும் மகனும் பேசிப் பத்து நாளாகிறது. “அவன் பாட்டு நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இதுவரை எத்தனை பாட்டை முழுசாக முடித்து வெளியிட்டிருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள்.

அதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் ரஸ் என்று ஒரு ராப் பாடகர் இருக்கிறார். தம்பிக்குத் தெரிந்திருக்கும். 1992ல் பிறந்தவர், அட்லாண்டா பக்கம் வளர்ந்தவர். வரிகள், பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை), ரெக்கார்டிங், மிக்ஸிங் (குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) எல்லாமே அவர் கை வேலை. 2011க்கும் 2014க்கும் நடுவில் 11 ஆல்பங்களை வெளியிட்டார். பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வாரத்துக்கு ஒரு பாட்டு என்று சவுண்ட்கிளவுட் என்ற இணையப் பாட்டுத் தளத்தில் விடாமல் போட ஆரம்பித்தார், கேட்பவர்கள் மெல்லச் சேர்ந்தார்கள். 2017ல் கொலம்பியா என்ற பெரிய இசை நிறுவனம் வழியாக வந்த ஆல்பத்திலும் இசையும் மிக்ஸிங்கும் அவருடையதுதான். அது அங்கே பெரிய விற்பனைக்கான பிளாட்டினம் சான்றைப் பெற்றது. பிறகு மறுபடியும் தனியாகவே வெளியிடத் தொடங்கினார்.

இந்தக் கதையைப் பையன்கள் என்னிடம் சொல்லும்போது கடைசிப் பாதியைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அந்த 11 ஆல்பங்கள். யாரும் கேட்காத அந்த வருஷங்களில்தான் அவர் தொழிலைக் கற்றுக்கொண்டார். பெரிய நிறுவனத்தோடு பேச உட்கார்ந்தபோது, அவர்களுடைய ஸ்டுடியோவோ இன்ஜினியரோ இல்லாமலே பாட்டை முடிக்கத் தெரிந்தவராக இருந்தார். அதே அளவு உழைத்தும் வெளியே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அதையும் தம்பியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரியை இப்போது விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் இரண்டு வருஷம் சாப்பாடும் அறையும் இணையமும் வீட்டுச் செலவில் கிடைக்கிறது. வாடகைக்காகக் கிடைத்த வேலையெல்லாம் செய்யும்போது பாட்டு எழுத நேரம் இருக்காது. ஹிப்ஹாப் தமிழா ஆதியும் பொறியியல் படித்தவர்தான், 2023ல் இசைத் தொழில்முனைவு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கினார். அரியர் வைக்காமல் படிக்கட்டும். பதிலுக்கு நீங்கள், 12 மாதத்தில் 12 பாட்டு முடிப்பதற்கு இடம் கொடுங்கள். லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), மைக், ஹெட்போன் எல்லாம் சேர்த்து முப்பது, நாற்பதாயிரத்துக்குள் ஆரம்பிக்கலாம். துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் நின்று பாடினாலே எதிரொலி நன்றாகக் குறையும்.

அவன் இசையும் போடுவது உங்களுக்கு நல்ல செய்தி. பாடகனாக ஜெயிப்பது யார் கையிலும் இல்லை, ஆனால் ஒலி வேலை தெரிந்தவனுக்கு வேலை உண்டு: டப்பிங் ஸ்டுடியோ, விளம்பரம், பாட்காஸ்ட், குறும்படம், கச்சேரி மேடை, மற்ற பாடகர்களுக்கு மிக்ஸிங். முறையாகப் படிக்க நினைத்தால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது.

ஸ்ட்ரீமிங் பணத்தை நம்பி மட்டும் கணக்குப் போட வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படவில்லை என்றால் அதற்கு ரெக்கார்டிங் ராயல்டியே, அதாவது பாட்டு கேட்கப்படுவதற்கு வரும் பங்குத் தொகையே, கிடையாது. 2024ல் வந்த விதி இது.

இனி காகித வேலை. இதில்தான் திறமையான பையன்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். யூடியூபில் “இலவச பீட்” என்று கிடைப்பதைப் பெரும்பாலும் வருமானத்துக்குப் பயன்படுத்த அனுமதி இருக்காது, நிபந்தனையைப் படிக்க வேண்டும். நண்பனோடு சேர்ந்து போட்ட பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை வெளியிடும் முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை பாட்டைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும், உரிமை அவனிடமே இருக்கும். ஆனால் “நாங்களே புரொமோட் செய்கிறோம்” என்று வரும் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை வருஷத்துக்குப் போகிறது என்று வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் காக்கிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) சங்கம். சில பாட்டுகள் வெளியானதும் அதில் உறுப்பினராகச் சேரட்டும்.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். முதலில் மகன் போட்ட ஒரு பாட்டை ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள், கருத்து எதுவும் கேட்காதீர்கள். தம்பியை ஒரு சனிக்கிழமை என்னிடம் அனுப்புங்கள். லேப்டாப்பைக் கொண்டுவரட்டும், பாதியில் நிற்கிற பாட்டுகளையும் சேர்த்து.