காய்ச்சல் விட்டாலும் மூன்று மாதம் பொறுங்கள்

கேள்வி: என் கணவருக்கு புனேயில் வேலை. மூன்று வாரத்துக்கு முன் அங்கே லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் சிவப்பு. நாலே நாளில் சரியாகிவிட்டது. இப்போது வேலையை மாற்றிக்கொண்டு ஓசூருக்கே வந்துவிட்டார். இந்த மாதமே குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருந்தோம். தெரிந்த லேப் ஏஜென்ட் ஒருவர், "ரெண்டு பேரும் காய்ச்சல் பேக்கேஜ் எடுங்க, நெகட்டிவ்னா பயமே இல்ல" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் சொல்கிற அறிகுறிகள், கொசுவால் பரவும் ஜிகா என்ற வைரஸ் காய்ச்சலுக்கும் பொருந்தும். 2024-ல் புனேயில் அது பரவியபோது கர்ப்பிணிகள் பலருக்கும் வந்தது. ரத்தத்தில் ஜிகா கிருமி ஏறக்குறைய ஒரு வாரம்தான் தெரியும், சிறுநீரில் இரண்டு வாரம் வரை. மூன்று வாரம் கழித்து எடுத்து 'நெகட்டிவ்' வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் விந்துவில் அதற்குப் பிறகும் கிருமி தங்கும், உறவின் மூலம் மனைவிக்குப் போகும். கர்ப்பத்தில் ஜிகா வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

ஐஜிஎம் டெஸ்ட், அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடுவது, இதைவிட மோசமான பொறி. டெங்கு வந்துபோன உடம்பில் ஜிகா ஐஜிஎம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். நம் ஊரில் டெங்கு வராத தெரு எது? அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, "கலைத்துவிடலாமா டாக்டர்" என்று அழுதுகொண்டே வருகிறார்கள். விற்றவர் கமிஷனோடு போய்விடுவார். ஏஜென்ட் கையில் டெஸ்ட் முடிவு செய்யும் வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. காய்ச்சல் தொடங்கிய நாள், அவர் புனேயை விட்டுக் கிளம்பிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதம், ஒவ்வொரு முறையும் ஆணுறை. நடுவில் ஜிகா பரவும் ஊருக்குப் போய்வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. காய்ச்சல் வராத ஆணுக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் ஜிகா தொற்றியவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு அறிகுறியே இருக்காது. வந்தது டெங்குவோ சிக்குன்குனியாவோ என்றால் இந்த மூன்று மாதக் கணக்கு கிடையாது. ஆனால் எது என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் பொறுப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர் ஊருக்கு வந்த பிறகு ஆணுறை இல்லாமல் சேர்ந்திருந்தீர்களா? அப்படியானால் நாள் எண்ணுவதற்கு முன் கர்ப்பமா என்று பாருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர் கார்டு போதும். மாதவிலக்கு தள்ளிப்போகாவிட்டாலும், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். கர்ப்பம் என்றால் மூன்று மாதக் கணக்கு உங்களுக்கு இல்லை. பிரசவம் வரை ஆணுறை, அல்லது உறவைத் தவிர்ப்பது. "மூன்று மாதம் முடிந்துவிட்டதே" என்று நடுவில் விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. பிரசவம் வரை என்றால் பிரசவம் வரைதான்.

இதை உங்கள் கணவரிடம் அங்கேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் என்று போனால் டெங்கு டெஸ்ட் எழுதுவதோடு முடிந்தது. "வீட்டில் குழந்தைக்குத் திட்டமா?" என்று ஒரு ஆணிடம் யாரும் கேட்பதில்லை. சுவரொட்டியில் கொசு இருக்கும், தேங்காய்ச் சிரட்டை இருக்கும், ஆணுறை இருக்காது. இத்தனை வருஷமாகியும் இந்த ஒரு வரியைச் சொல்ல என்ன கூச்சமோ!

ஓசூர் என்றால் கொசு பயமில்லை என்றும் இருக்காதீர்கள். 2017-லேயே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா உறுதியானது. இந்தக் கொசு பகலில் கடிக்கும். ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கார்டில் இரண்டு கோடு வந்தால், காய்ச்சல் தேதியையும் ஊர் திரும்பிய தேதியையும் ஒரு தாளில் எழுதி மகப்பேறு மருத்துவரிடம் கொடுங்கள். யாருக்கு, எந்த டெஸ்ட், எப்போது ஸ்கேன் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.