பழைய கார்களுக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுழற்றியது ஏன்?

ஹேண்டில் என்பது காரின் முகப்பில் செருகி, இன்ஜினைக் கையால் சுற்றிவிட உதவும் வளைந்த இரும்புக் கம்பி.

பெட்ரோல் இன்ஜின் தானாகக் கிளம்பாது. நீராவி இன்ஜினில் கொதிகலனில் அழுத்தம் தயாராக இருக்கும். வால்வைத் திறந்தால் போதும். பெட்ரோல் இன்ஜினோ காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, அப்புறம்தான் தீப்பொறியால் பற்றவைக்க முடியும். அந்த முதல் சுற்றுக்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். ஸ்கூட்டரில் கிக்கரை உதைக்கிறோமே, அதே வேலைதான்.

சரி, இதில் ஆபத்து என்ன? பொறி சற்று முந்திவிட்டால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாம் முறியும். அதனால்தான் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. இன்ஜினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும் என்றே பலரும் நினைத்தார்கள். சில விநாடிகள் மட்டும் ஓடினால் போதுமென்றால் சின்ன மோட்டாரே அந்தச் சுமையைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கணக்குதான். ஃபோர்டின் மாடல் டி காருக்கு 1919இல்தான் இந்த வசதி வந்தது. ஹேண்டிலும் உடனே ஒழியவில்லை. பேட்டரி படுத்துவிட்டால் அதுதானே கைகொடுக்கும்!

சாவியைத் திருப்பியதும் பேட்டரிதான் பெட்ரோல் காரை ஓட்டுகிறது என்று சிலர் நினைப்பதுண்டு; இன்ஜின் உயிர் பெற்றதுமே ஸ்டார்ட்டர் மோட்டார் விலகிக்கொள்ளும்.