ஸ்படிகத்துக்கு எத்தனை டிகிரி?

கேள்வி: ஸ்படிக மாலையும் மஞ்சள் சிட்ரின் டாலரும் வாங்கப் போனேன். "இரண்டும் பூமிக்கு அடியில் ஆயிரம் டிகிரியில் விளைந்தவை, அதான் இந்த விலை" என்றார் கடைக்காரர். இருட்டில் இரண்டு மணிகளை உரசி வெளிச்சமும் காட்டினார். நம்பலாமா?

பதில்: வெளிச்சம் நிஜம். சின்ன வயதில் வெங்கச்சங்கல்லை உரசிப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. ஸ்படிகம், சிட்ரின், வெங்கச்சங்கல் எல்லாமே குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம்தான். ஆனால் ஆயிரம் டிகிரி என்பது கதை.

பாறைக்குழம்பு உறையும்போது, சுமார் 650 டிகிரிக்கு மேல் விளையும் குவார்ட்ஸும் உண்டு. அது உங்கள் சமையல் மேடை கிரானைட்டில் சாம்பல் நிறத்தில் மின்னும் பொடிமணி! தெளிவான பெரிய படிகங்கள் பெரும்பாலும் பாறைப் பிளவுகளில் ஓடிய வெந்நீரில், ஏறத்தாழ 100 முதல் 400 டிகிரிக்குள் வளர்ந்தவை. கோலாரில் தங்கத்தைத் தாங்கி நின்ற குவார்ட்ஸும் சூடான நீர் கொண்டுவந்து படியவைத்ததுதான். இந்த டிகிரி எப்படித் தெரியும்? கல்லுக்குள் சிக்கிய நீர்த்துளியில் ஒரு குமிழி இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் சூடேற்றினால் அது மறையும். கல் குறைந்தது அந்த வெப்பத்திலாவது விளைந்திருக்க வேண்டும் என்று கணக்கு.

சிட்ரின் விஷயத்தில் மட்டும் டிகிரியைக் கேளுங்கள். இயற்கையாக மஞ்சளாகக் கிடைப்பது அரிது. கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி, ஊதா நிற அமெதிஸ்ட்டை உலையில் 400, 500 டிகிரிக்குச் சூடாக்கி நிறம் மாற்றியது. பிரேசிலின் எரிமலைப் பாறைக் குழிகளில் குறைந்த வெப்பத்தில் விளைந்த கல், பெரிய சூட்டைப் பார்த்ததே உலையில்தான். சூடாக்கியது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

சரி, மாலைக்கு வருவோம். உரசல் சோதனை குவார்ட்ஸாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். இயற்கையா என்று சொல்லாது. கடிகாரத்துக்காக ஆலையில் வளர்க்கும் குவார்ட்ஸும் அதேபோல ஒளிரும். அதுவும் கிட்டத்தட்ட 350 டிகிரி வெந்நீரில், அதிக அழுத்தத்தில் வளர்வதுதான். கண்ணால் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடம் வேண்டும். சாதாரண மாலைக்கு அந்தச் செலவு வீண். கண்ணாடி மணி கலந்திருக்கிறதா என்று மட்டும் லென்ஸில் பாருங்கள். உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் வேண்டாம்.

பில்லில் 'இயற்கைக் குவார்ட்ஸ்', 'சூடாக்கப்பட்ட சிட்ரின்' என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு வேறாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்தத் தாள்தான் பேசும். எழுத மறுத்தால் டாலரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.