வகிடு அகலமாகிறது, காரணம் தெரியவில்லை: 16 வயது மகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஒன்றரை மாதமாகத் தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. பின்னல் மெலிந்துவிட்டது, வகிடும் அகலமாகத் தெரிகிறது. இப்போது அவளுக்கு எந்த நோயும் இல்லை. ஷாம்பு மாற்றினோம், இரண்டு வாரமாக பயோட்டின் மாத்திரை கொடுக்கிறோம். பொறுத்துப் பார்க்கலாமா, மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள். அவசரம் இல்லை, ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். அதற்குள் வீட்டில் நீங்கள் கவனித்து வைக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில், முடி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து 2, 3 மாதம் பின்னோக்கிப் போய் யோசியுங்கள். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருந்து, சுமார் மூன்று மாதத்தில் உதிரும். அதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி போவது இயல்பு. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டை வெட்டியது, பெரிய மன உளைச்சல் என ஏதாவது வந்தால், ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வதற்குள் காய்ச்சல் வந்ததே வீட்டில் மறந்திருக்கும். 'காரணமே தெரியவில்லை' என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது. காரணம் விலகிவிட்டால் பொதுவாக 6 மாதத்துக்குள் உதிர்வு தணியும். ஆனால் முடி மாதம் சுமார் 1 செ.மீ. தான் வளரும், பின்னல் பழைய பருமனுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குணமாகிவரும்போதும் பயந்துகொண்டே இருப்பாள்.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் தலையை வகிர்ந்து வகிர்ந்து பாருங்கள். எல்லா இடத்திலும் சீராக அடர்த்தி குறைந்திருந்தால் மேலே சொன்னதாகவோ, இரும்புச்சத்துக் குறைவாகவோ, தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். உச்சி வகிடு மட்டும் அகன்று, கூடவே முகப்பருவும் தாடையில் முடியும் ஒழுங்கற்ற மாதவிடாயும் இருந்தால், ஆண் ஹார்மோன் மிகுதியை, குறிப்பாக பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது சகஜம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் இடைவெளி 35 நாளைத் தாண்டினால் அது கணக்கில் கொள்ள வேண்டிய அறிகுறி. நெற்றியோரமும் காதோரமும் மட்டும் மெலிந்திருந்தால் இறுக்கிக் கட்டுவதே காரணமாக இருக்கலாம். உடனே தளர்த்திக் கட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகி, முடி திரும்பி வராது.

வட்டமாக, வழவழப்பாகச் சொட்டை விழுந்தால் புழுவெட்டு. இது உடலின் எதிர்ப்புச்சக்தி மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. பூச்சி எதுவும் இல்லை. செதிலும் அரிப்பும் ஒடிந்த முடியும் இருந்தால் படர்தாமரை. தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். ஒழுங்கற்ற திட்டில் முடிகள் வெவ்வேறு நீளத்தில் நின்றால், அவளே பிடுங்குகிறாளா என்று யோசியுங்கள். அது பெரும்பாலும் அவள் கட்டுப்பாட்டில் இல்லாத பழக்கம். திட்டினால் மறைப்பாள்; மெதுவாகக் கேளுங்கள்.

இந்தச் சூழ்நிலையில் மட்டும் காத்திருக்காதீர்கள்: சீழ், வலி, வீக்கம், புருவமும் கொட்டுவது, முகத்தில் சிவந்த தடிப்போடு மூட்டுவலியும் காய்ச்சலும், வேகமான எடை இழப்பு, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது, குரல் கனப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) இரண்டோடு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் கேளுங்கள். மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்பு இருப்பு வற்றியிருக்கலாம். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். அதனால் நலமாக இருக்கும் நாளில் எடுங்கள்.

பயோட்டின் ஒரு பி வைட்டமின், அதை நிறுத்திவிடலாம். அதன் குறைபாடு மிக அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவையே புரட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், எடுத்த விவரத்தையும் சொல்லுங்கள். 'முடிக்கு நல்லது' என்று விற்கும் கலவை மாத்திரைகளிலும் கவனம் தேவை. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிகுந்தால் அவையே முடியைக் கொட்டவைக்கும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து 18 வயதுக்குக் கீழ் தோல் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் வலிப்புக்கான வால்ப்ரோயேட்டும் முடியைக் கொட்டவைக்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் ஆபத்து.

போவதற்கு முந்தைய நாள் தலைக்குக் குளிக்கவோ எண்ணெய் வைக்கவோ வேண்டாம். மருத்துவர் சில முடிகளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், கழுவிய தலையில் அது சரியாகத் தெரியாது. கடைசி ஆறு மாதத்தின் காய்ச்சல், மருந்து, எடை மாற்றம், மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வகிட்டை இன்றே ஒரு படம் எடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.